பழங்களுடன் பன்றி இறைச்சி ரோஸ்ட்: சென்னை வீட்டுச் சமையலறைக்கான கேள்வி பதில்கள்

கிறிஸ்துமஸுக்கோ ஈஸ்டருக்கோ பன்றி இறைச்சியை முழுத் துண்டாக ரோஸ்ட் செய்து பழத்தோடு பரிமாற ஆசைப்பட்டு, குளிர் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட குறிப்புகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே தரப்படும் அளவுகள் 2 கிலோ இறைச்சிக்கும், ஆறு பேர் உட்காரும் மேசைக்கும், 35 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும், ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் அடுப்புக்கும் உரியவை.

பன்றி இறைச்சியோடு பழத்தைச் சேர்ப்பது எதற்காக? இனிப்பும் கறியும் நம் நாக்குக்கு ஒத்துவருமா?

பழத்தை இனிப்பாக நினைப்பதால்தான் இந்தத் தயக்கம் வருகிறது. இந்தச் சமையலில் பழம் செய்வது புளியின் வேலை. மத்தி மீனைக் குழம்பு வைக்கும்போது புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரைப்பது எதற்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சிக்கும் புளிப்பு தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால் நான்காவது வாயிலேயே திகட்டிவிடும். கோவாவின் விந்தாலுவில் வினிகரும், குடகின் பன்றிக்கறியில் கச்சம்புளியும் இதைத்தான் செய்கின்றன. இங்கிலாந்தில் ஆப்பிள் சாஸும், டென்மார்க்கில் இறைச்சிக்குள் வைத்துத் தைக்கப்படும் ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும், மெக்சிகோவின் யுகடான் பகுதியில் ஊறவைக்கப் பயன்படும் கசப்பு ஆரஞ்சுச் சாறும் அந்தந்த ஊரில் கையருகே கிடைத்த புளிப்புகள். ஆகவே பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "இது எவ்வளவு இனிக்கும்?" என்று பார்க்காமல் "இது எவ்வளவு புளிக்கும்?" என்று பார்த்தால் பாதித் தவறுகள் கடையிலேயே தவிர்க்கப்பட்டுவிடும்.

சென்னையில் எந்தப் பழத்தை, எந்தக் காலத்தில் வாங்குவது?

ஆங்கிலேயர் சாஸ் செய்யும் சமையல் ஆப்பிள் நமக்குக் கிடைப்பதில்லை. கடைகளில் பளபளப்பாக அடுக்கி வைத்திருக்கும் கருஞ்சிவப்பு ஆப்பிள் அடுப்பில் மாவாக உதிரும். அதில் புளிப்பும் குறைவு. இறக்குமதியாகும் பச்சை ஆப்பிள் விலை கூடுதலானாலும் வடிவம் குலையாமல் வேகும், புளிப்பும் நிற்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இமாச்சலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் புதிய அறுவடை வந்திறங்கும்போது, கையில் எடுத்தால் கல்போல இருக்கும் சிறிய பழங்களைப் பொறுக்கி எடுத்தால் அவையும் போதுமானவை.

என்னைக் கேட்டால், ஆப்பிளைவிட நம் மலைகளிலிருந்து வரும் நாட்டுப் பேரிக்காயே இந்தச் சமையலுக்குச் சிறந்தது. கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வரும் அந்தக் கரடுமுரடான பேரிக்காயைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும், நறநறவென்றிருக்கும். அதனாலேயே பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் கொழுப்பில் வெந்தபின் அதன் ஓரங்கள் வெல்லப்பாகின் நிறத்துக்கு வந்து, நடுப்பகுதி கத்தி இறங்கும் அளவுக்கு இளகி, அப்போதும் துண்டு துண்டாகவே நிற்கும். அதே மலைகளிலிருந்து கோடையில் வரும் பிளம்ஸ் பழமும் நல்ல புளிப்புள்ளது. ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் அடுப்பில் தாங்காது.

மார்ச் முதல் ஜூன் வரை மாங்காய் இருக்கும்போது வேறு பழம் தேட வேண்டியதே இல்லை. மெரினாவில் மிளகாய்த்தூள் தூவி விற்கப்படும் கிளிமூக்கு மாங்காய் அளவான புளிப்புடையது. அதைத் தோலோடு விரல் தடிமனுக்கு நறுக்கி, சிறிது வெல்லத்தூளில் புரட்டி அடுப்பில் வைத்தால் போதும். பழுத்த பங்கனப்பள்ளியை மேசையில் தனியாக வையுங்கள், அடுப்புக்குள் வைக்காதீர்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கிடைக்கும். விதையும் தடித்த தோலும் இருப்பதால் அதைப் பிழிந்து வடிகட்டிய சாறாகக் கிரேவியில் சேர்ப்பதே நல்லது. யுகடான்காரர்களின் கசப்பு ஆரஞ்சுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய சொந்தம் நார்த்தங்காய். ஒரு காயின் சாறு 2 கிலோவுக்குத் தாராளம். வாழைப்பழம், சப்போட்டா, பலாச்சுளை ஆகியவற்றில் புளிப்பு இல்லாததால் அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

அன்னாசிப்பழச் சாற்றில் இரவு முழுவதும் ஊறவைத்தால் இறைச்சி மென்மையாகும் என்கிறார்களே?

மென்மையாவது மட்டுமல்ல, காணாமலே போய்விடும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தை உடைக்கக்கூடியது. பப்பாளிக்காயில் உள்ள பப்பெயினும் அப்படித்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அரைத்த அன்னாசியில் தோள்பட்டைக் கறியை முக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போனேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது மேற்பரப்பு அரை அங்குல ஆழத்துக்கு ஊறிய காகித அட்டையைப் போல விரலோடு வழித்துக்கொண்டு வந்தது. வெந்தபின் வெளிப்புறம் மாவாகவும் உட்புறம் வழக்கம்போலவும் இருந்த அந்த ரோஸ்டை யாரும் குறை சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

பச்சைச் சாற்றில் ஊறவைத்தே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கொதிக்கவைத்த சாற்றிலும், தகரக் குப்பியில் வரும் அன்னாசியிலும் அந்த நொதி வெப்பத்தால் செயலிழந்துவிடுவதால் அவற்றால் இந்தக் கேடு இல்லை. கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் நல்ல அன்னாசி கிடைத்தால், வளையங்களாக நறுக்கி, தோசைக்கல்லில் இருபுறமும் கருஞ்சிவப்பாகச் சுட்டு, பரிமாறும்போது பக்கத்தில் வைப்பதே அதற்குரிய மரியாதை.

எந்தப் பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும்? எவ்வளவு?

முதல்முறை செய்கிறவர்கள் தோள்பட்டைக் கறியை வாங்குவது நல்லது. கடைகளில் "ஷோல்டர்" என்றே சொல்வார்கள். அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் ஊடாக ஓடுவதால், மெதுவாக வேகும்போது அவை கரைந்து இறைச்சியை ஈரமாக வைத்திருக்கும். அரை மணி நேரம் கூடிப்போனாலும் மன்னிக்கும். முதுகுப் பகுதியான "லாயின்" அழகாக வட்ட வட்டமாக நறுக்க வரும், ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் பத்து நிமிடம் தவறினால் கட்டையாகிவிடும். தொடைக்கறி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எலும்போடு வாங்கினால் ஆளுக்கு 350 கிராம், எலும்பில்லாமல் வாங்கினால் 250 கிராம் என்று கணக்கிடுங்கள். வேகும்போது எடையில் கால் பங்கு போகும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்னையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தெருமுனை ஆட்டுக்கறிக் கடையில் இது கிடைக்காது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்திருக்கும் பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பக்கங்களில் விசாரித்தால், யாரிடம் நம்பி வாங்கலாம் என்று வழி சொல்வார்கள். பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெள்ளைப் பன்றியா என்று தயங்காமல் கேளுங்கள். தெருவில் மேய்ந்த பன்றியின் இறைச்சியை விலை குறைவு என்பதற்காக வாங்குவது கூடாது. இறைச்சி இளஞ்சிவப்பாகவும், கொழுப்பு வெண்மையாகவும் கெட்டியாகவும், வாடை ஏதுமின்றியும் இருக்க வேண்டும். உள்ளே அரிசிமணி போன்ற வெள்ளைக் கொப்புளங்கள் தென்பட்டால் அந்த இறைச்சி வேண்டவே வேண்டாம்.

தோலோடு வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் ரோமத்தைத் தீயில் பொசுக்கி எடுப்பதால் தோலில் கருகலும் முள்முள்ளாக ரோமக்கால்களும் எஞ்சியிருக்கும். கொதிநீரை ஊற்றிக் கத்தியால் சுரண்டி, மீதியைப் புதிய சவரத் தகட்டால் மழித்துவிட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் இந்தப் பத்து நிமிட வேலைதான் பரிமாறும்போது மானத்தைக் காப்பாற்றும்.

நாடாப்புழு பற்றிப் பயமாக இருக்கிறது. எவ்வளவு வெப்பம் வரை வேகவைத்தால் பாதுகாப்பு?

பயம் நியாயமானது, ஆனால் அதில் ஒரு குழப்பமும் கலந்திருக்கிறது. நன்றாக வேகாத இறைச்சியில் உள்ள நீர்க்கட்டிகளை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நோயோ, அந்தப் புழுவின் முட்டைகள் மனித மலத்தால் மாசுபட்ட நீர், கழுவாத காய்கறி, கை ஆகியவற்றின் வழியாக வயிற்றுக்குள் போவதால் வருவது. பன்றி இறைச்சியே தொடாதவர்களுக்கும் அது வருவது இதனால்தான். ஆகவே இறைச்சியை முறையாக வேகவைப்பதும், பக்கத்தில் பச்சையாக வைக்கும் வெள்ளரிக்காயையும் கொத்தமல்லியையும் நன்றாகக் கழுவுவதும் சம அளவில் முக்கியமானவை.

முழுத் துண்டு இறைச்சிக்கு நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டி, அதன்பின் குறைந்தது மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்பது அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் சொல்லிவரும் அளவு. அதற்குமுன் 71 டிகிரி என்று சொல்லிவந்தார்கள். கொத்துக்கறிக்கு இன்றும் 71 டிகிரிதான். லாயினை 68 டிகிரிவரை கொண்டுபோவது என் வழக்கம். நம் வீடுகளில் இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டாலே கையை எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தோள்பட்டைக் கறிக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அதன் திசுக்கள் கரைவதற்கே 85 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இதையெல்லாம் கண்ணால் அறிய முடியாது என்பதால், கம்பிபோல் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். குத்தும்போது அதன் முனை எலும்பில் படக் கூடாது.

படிப்படியாகச் செய்முறையைச் சொல்ல முடியுமா?

முந்தின நாள் மாலை, 2 கிலோ தோள்பட்டைக் கறியின் தோலைக் கூர்மையான கத்தியால் ஒரு செ.மீ. இடைவெளியில் கீறுங்கள், கீறல் கொழுப்பு வரை போகலாம், சதையைத் தொடக் கூடாது. 30 கிராம் கல்லுப்பைப் பொடித்து, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஆறு பல் பூண்டு ஆகியவற்றில் முக்கால் பங்கு உப்பைச் சேர்த்துத் தட்டி, சதைப் பக்கத்தில் மட்டும் தேயுங்கள். மீதி உப்பைத் தோலின் கீறல்களுக்குள் தேய்த்து, மூடாமல், தோல் மேலே இருக்கும்படி குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள்.

மறுநாள் சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்; சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரம் வெளியே வைப்பதற்கு இடமே இல்லை. அடுப்பை 160 டிகிரிக்குச் சூடாக்கி, ஆழமான தட்டில் பாதியாக நறுக்கிய நான்கு பெரிய வெங்காயங்களைப் பரப்பி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இறைச்சியை வைத்துக் கீழடுக்கில் தள்ளுங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். தண்ணீர் வற்றினால் கொதிநீர் ஊற்றலாம், ஆனால் தோலில் ஒரு சொட்டும் படக் கூடாது. இரண்டு மணி நேரம் கழிந்ததும் நான்காக நறுக்கிய பேரிக்காய்களைத் தட்டில் சேருங்கள். ஆப்பிளாக இருந்தால் கடைசி நாற்பது நிமிடத்துக்கு, மாங்காயாக இருந்தால் கடைசி அரை மணி நேரத்துக்கு. நடுப்பகுதி 85 டிகிரியைத் தாண்டியதும் இறைச்சியைக் கம்பித் தட்டுக்கு மாற்றி, பழத்தையும் சாற்றையும் தனியாக எடுத்துவிட்டு, அடியில் அலுமினியத் தாள் விரித்த தட்டை வைத்து, வெப்பத்தை 230 டிகிரிக்கு ஏற்றுங்கள். பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் தோல் பொரியத் தொடங்கும்; அப்பளம் பொரியும்போது கேட்பதைப் போன்ற சடசடப்பு உள்ளேயிருந்து கேட்கும். அந்த நேரத்தில் அடுப்பைவிட்டு நகராதீர்கள், ஏனென்றால் பொரிந்ததற்கும் கருகியதற்கும் இடையே இரண்டு நிமிடம்கூட இல்லை. எடுத்தபின் மூடாமல் அரை மணி நேரம் ஆறவிட்டு நறுக்குங்கள்.

பல குறிப்புகள் முதலில் உயர் வெப்பம், பிறகு தாழ்ந்த வெப்பம் என்று சொல்கின்றன. பெரிய அடுப்புக்கு அது சரி. ஓ.டி.ஜி.யில் சூடேறும் கம்பி தோலுக்கு நான்கு விரல் தொலைவில்தான் இருக்கும் என்பதால் தொடக்கத்திலேயே தோல் கருகி, மூன்று மணி நேரமும் வீடு முழுவதும் புகை சுற்றும்.

தோல் மொறுமொறுப்பாக வரவே இல்லை, ரப்பர் மாதிரி இழுக்கிறது. என்ன தவறு?

ஈரம்தான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னைக் காற்றில் உப்பு ஜாடியே கசிகிறபோது தோல் தானாக உலரும் என்று எதிர்பார்க்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு மூடாமல் வைப்பது அதற்காகத்தான். காலையில் தொட்டால் காய்ந்த தோல்செருப்பைத் தடவுவது போல இருக்க வேண்டும், விரல் ஒட்டினால் இன்னும் நேரம் தேவை. தோலில் மசாலாவோ தேனோ பழச்சாறோ பூசியிருந்தாலும் மொறுமொறுப்பு வராது. பழத்தின் இடம் தட்டின் அடிப்பகுதி. எல்லாம் செய்தும் இழுத்தால், தோலை மட்டும் தனியாகக் கழற்றி மீண்டும் பத்து நிமிடம் அடுப்பில் வையுங்கள்.

ஓவன் இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு, ஆனால் பொரிந்த தோலை மறந்துவிட வேண்டும். தோல் நீக்கிய இறைச்சியைக் கனமான அடியுள்ள பாத்திரத்தில் அதன் கொழுப்பிலேயே எல்லாப் பக்கமும் சிவக்க வதக்கி, வெங்காயம், மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, மூடி, சிறுதீயில் இரண்டரை மணி நேரம் வைத்தால் போதும். ஆங்கிலோ இந்திய வீடுகளில் "பாட் ரோஸ்ட்" என்று நெடுங்காலமாகச் செய்துவருவது ஏறக்குறைய இதுதான். குக்கரில் சிறுதீயில் நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். பிறகு திறந்துவைத்துச் சாற்றை வற்றவிட்டுச் சிவக்கப் புரட்டுங்கள். பழத்தைக் குக்கருக்குள் போடாமல் கடைசியில் வதக்கிச் சேர்க்க வேண்டும்.

அடுப்பிலிருந்து புகை கிளம்புகிறது, மின்சாரமும் அறுந்துவிடுகிறது. என்ன செய்வது?

உருகிய கொழுப்பு சூடேறும் கம்பியில் சொட்டுவதால்தான் புகை. தட்டு இறைச்சியைவிட அகலமாக இருக்கட்டும். இவ்வகை அடுப்புகள் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் வரை இழுப்பவை. அவற்றைப் பெரிய மூன்று முனைப் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், நீட்டிப்பு ஒயரில் அல்ல. நடுவில் மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காமல் காத்திருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டால் பாட் ரோஸ்ட் முறைக்கு மாறிவிடுங்கள்.

கிரேவி எப்படிச் செய்வது? வைன் அவசியமா?

அவசியமில்லை. தட்டில் சேர்ந்த சாற்றை உயரமான பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். அதை அகப்பையால் எடுத்துத் தனியே வையுங்கள். அடியில் வெந்து குழைந்த வெங்காயத்தை மசித்துச் சாற்றோடு கொதிக்கவிட்டு, அரை டம்ளர் பன்னீர் திராட்சைச் சாறோ நார்த்தங்காய்ச் சாறோ ஊற்றி, பாதியாகச் சுண்டியதும் உப்பும் மிளகும் பார்த்து இறக்கலாம். வெங்காயமே கெட்டித்தன்மை தருவதால் மைதா தேவையில்லை. கடைசியில் நாக்கில் வைத்துப் பார்க்கும்போது முதலில் புளிப்பும் பின்னால் இனிப்பும் தெரிந்தால் சரியான பதம்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்?

எடுத்து வைத்த கொழுப்பில் புரட்டிச் சுட்ட உருளைக்கிழங்கு முதலில் வர வேண்டியது. முட்டைகோஸை மெல்லிசாக நறுக்கி, சோம்பு தாளித்து, சிறிது வினிகர் விட்டு வதக்கினால் பொருந்தும். ஆங்கிலோ இந்திய மேசையில் வரும் மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் சாதமும், வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் வினிகரோடும் சர்க்கரையோடும் அரைத்துச் செய்யும் டெவில் சட்னியும் ரோஸ்டுக்கு நல்ல துணை. முன்னதாக ஒரு கிண்ணம் மிளகு ரசம் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வெள்ளைக்காரர்கள் மிளகுத்தண்ணீரைத்தானே முல்லிகட்டானி என்று கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

அழைத்தவர்களில் சிலர் பன்றி இறைச்சி உண்ணாதவர்கள். எப்படிச் சமாளிப்பது?

அழைக்கும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை. அவர்களுக்கான உணவைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கத்தியால், ரோஸ்ட் அடுப்புக்குள் போவதற்கு முன்பே முடித்து மூடிவையுங்கள். உருளைக்கிழங்கும் கிரேவியும் பொதுவானவை என்று நினைத்து அவர்கள் தட்டில் பரிமாறிவிடக் கூடாது. ஒன்று பன்றிக் கொழுப்பில் சுட்டது, மற்றது பன்றி இறைச்சியின் சாற்றில் செய்தது.

மிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும்? மறுநாள் என்ன செய்யலாம்?

சாதாரணமாகச் சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பார்கள்; வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் அது ஒரு மணி நேரம்தான், சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாட்களே. ஆகவே பந்தி முடிந்து பேச்சு தொடங்குவதற்கு முன் எலும்பைப் பிரித்து, துண்டுகளாக்கி, குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். மூன்று நாட்கள் வரை பயன்படுத்தலாம். மறுநாள் காலை அந்தத் துண்டுகளைக் கையளவு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய மிளகோடு இரும்புச் சட்டியில் ஓரம் முறுகும்வரை வறுத்து, மீந்த பேரிக்காயைக் கடைசி நிமிடத்தில் உதிர்த்துப் போட்டுச் சூடான தோசைக்கு வையுங்கள்; முந்தின இரவு "பழமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்கி வைத்த என் மாமனார், மறுநாள் சட்டியில் பேரிக்காயைத்தான் முதலில் தேடினார்.